ஆர்கேட் பெட்டி: அறுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை

பழைய ஆர்கேட் பெட்டி ஒண்ணு கைக்குக் கெடைச்சா நம்ம ஆளுங்க மொதல்ல தேடறது ஸ்க்ரூடிரைவர், அடுத்தது ரம்பம். என் கட்சி என்னன்னா, இந்த ரெண்டையும் ஒரு மாசத்துக்குப் பரண் மேல போட்டுட்டு ஒரு இஞ்ச் டேப்பும் நோட்டும் எடுத்துக்கிட்டு உக்காருங்க. பெட்டியை வீட்டுக்கேத்த மாதிரி மாத்துங்க, தாராளமா மாத்துங்க. ஆனா எதை மாத்தினாலும், நாளைக்கே வேணும்னா பழையபடி திருப்பி மாட்டற மாதிரி மாத்துங்க. நான் சொல்ல வர்றது இவ்ளோதான். ஏன் சொல்றேன்னு விளக்கத்தான் மிச்சக் கதையெல்லாம்.

ஆர்கேட் பெட்டின்னா என்னன்னு யோசிக்கறவங்களுக்கு: தொண்ணூறுகள்ல பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சந்துல, பொருட்காட்சியில, தியேட்டர் கேன்டீன் ஓரத்துல ஆள் உசரத்துக்கு ஒரு மரப் பீரோ மாதிரி நிக்குமே, அதேதான். மேல டிவி, நடுவுல குச்சியும் பட்டனும், கீழ காசு போடற ஓட்டை. ஸ்கூல் யூனிஃபார்மோட உள்ள போய் அப்பாகிட்ட மாட்டினவங்க இதைப் படிக்கறவங்கள்ல பாதிப் பேர் இருப்பீங்க. மீதிப் பாதிப் பேர் மாட்டாதவங்க :-)

இப்ப எதுக்கு இந்தப் பேச்சு? எங்க புனேவுல ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ்ல இருந்த கேம்ஸ் கடையை இழுத்து மூடிட்டாங்க. அங்கருந்து ஒரு பெட்டி, படம் தெரியற நிலைமையிலயே, எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்குக்கு வந்து ரெண்டு வாரமாச்சு. வித்த ஆளு டெம்போவுல ஏத்தும்போதே இலவசமா ஒரு ஆலோசனை குடுத்தாரு: "ஸ்க்ரீன் நிகால் தோ சாப், எல்.இ.டி டால் தோ, ஏக்தம் நயா ஹோ ஜாயேகா." ஆபீஸ்ல இருக்கற கேமர் தம்பிங்க இதுக்கு நேர் எதிர். "அண்ணே, ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடக்கூடாது, ஒரிஜினல்!" ரெண்டு பேரு பேச்சும் எனக்கு ஒத்துவரலை.

ஒரிஜினல் கட்சிக்காரங்களுக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன். ஆர்கேட் பெட்டிங்கறதே மாத்தறதுக்குன்னு பொறந்த சாமான். இதுக்கு ஒரு அருமையான கதை இருக்கு. 1980ல ஜப்பான் நின்டெண்டோ கம்பெனி ரேடார் ஸ்கோப்னு ஒரு கேம் விட்டுது. அமெரிக்கக் கிளையைப் பாத்துக்கிட்டவர் மினோரு அராகாவா. ஜப்பான்ல தலைவரா இருந்த ஹிரோஷி யமாவுச்சிக்கு இவர் மாப்பிள்ளை. மாப்பிள்ளை பெரிய நம்பிக்கையில 3000 பெட்டி வரவழைச்சாரு. கப்பல்ல அது வந்து எறங்கறதுக்குள்ள அமெரிக்காக்காரனுக்கு அந்த ஆட்டத்து மேல இருந்த மோகம் தீந்து போச்சு. ஆயிரம் பெட்டி போல வித்துது, மீதி ரெண்டாயிரமும் குடோன்ல. போய் நிக்க வேண்டியது மாமனார் முன்னாடி. யோசிச்சுப் பாருங்க!

மாமனார் என்ன பண்ணாருன்னா, ஷிகெரு மியாமோட்டோங்கற ஓவியர் பையனைக் கூப்பிட்டு, தேங்கிக் கெடக்கற அதே பெட்டிக்குப் பொருந்தற மாதிரி வேற ஒரு ஆட்டம் பண்ணச் சொன்னாரு. 1981ல வந்த அந்த ஆட்டம்தான் டாங்கி காங். மாத்தறதுக்கான சாமானெல்லாம் ஜப்பான்லருந்து வர, அராகாவாவும் அவர் மனைவி யோகோவும் இன்னும் ரெண்டு மூணு பேரும் சியாட்டில் பக்கத்துல ஒரு வேர்ஹவுஸ்ல உக்காந்து ஒவ்வொரு பெட்டியாப் பிரிச்சு மாத்தினாங்க. அந்த வேர்ஹவுஸ் ஓனர் பேரு மாரியோ செகாலே. ஆட்டத்துல குதிச்சுக் குதிச்சு ஏர்ற தச்சருக்கு, முன்ன ஜம்ப்மேன்னு இருந்த பேர் போய், இவர் பேரே நெலைச்சுது. (பதினோரு மாச அக்ரிமென்ட்ல வாழற நாம யாரும் நம்ம வீட்டு ஓனர் பேரை எதுக்கும் வைக்கப் போறதில்லை, அது வேற விஷயம்.)

கவனிக்க வேண்டியது, அவங்க எதை மாத்தினாங்க, எதை விட்டாங்கங்கறது. போர்டு மாறிச்சு, கன்ட்ரோல் பேனல் மாறிச்சு, பெட்டி மேல ஒட்டற படம் மாறிச்சு. பிக்சர் டியூபும் மரப்பெட்டியும் அப்படியே இருந்துது. உலகத்துலயே பேர்போன கன்வர்ஷன் வேலை ரம்பமே இல்லாம முடிஞ்சுது.

அப்புறம் 1985ல ஜப்பான்ல ஜாமான்னு ஒரு தரம் கொண்டுவந்தாங்க. 56 பின் இருக்கற ஒரே கனெக்டர், பக்கத்துக்கு 28. கரண்ட், படம், சத்தம், ரெண்டு பேரோட குச்சி, பட்டன், காசு விழுந்த சிக்னல் எல்லாமே அது வழியாத்தான். கடைக்காரர் பழைய போர்டை உருவிட்டுப் புதுப் போர்டைச் செருகினா அன்னைக்குச் சாயங்காலமே வேற கேம். நமக்கும் இது பழக்கமான விஷயந்தான். போன வாரம் வரைக்கும் ஸ்னோ ப்ரோஸ் ஓடின பெட்டியில இந்த வாரம் முஸ்தபா ஓடும். (முஸ்தபான்னா கேப்காம் 1993ல விட்ட கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ். அதுல வர்ற நாலு பேர்ல ஒருத்தன் முஸ்தபா. இந்தியா பூரா அவன் பேர்லயே கேமைக் கூப்பிட்டோம். பாவம், ஹீரோ பேரு ஜாக்னு இன்னிக்கு வரைக்கும் பல பேருக்குத் தெரியாது.)

ஆக, போர்டை மாத்தினா பாவம்னு யாராச்சும் சொன்னா கண்டுக்காதீங்க.

ஆனா எல்.இ.டி கட்சி இருக்கே, அதுதான் நெசமாவே பயமா இருக்கு. பெங்களூர்ல இருக்கற ஒரு நண்பர் இதைச் செஞ்சாரு. நல்லா எரிஞ்சுக்கிட்டிருந்த டியூபைக் கழட்டிக் காயலான் கடைக்குப் போட்டாரு. முன்பக்கத்தை அறுத்து 32 இஞ்ச் அகல டிவியை நுழைச்சாரு. உள்ள இருந்த வயரையெல்லாம் கொத்தாப் பிடிச்சு வெட்டினாரு. பேனல்ல புதுசா எட்டு ஓட்டை. முடிச்சுப் பாத்தா பாக்மேன் பூசணிக்கா மாதிரி உப்பி இருந்துது. பாக்மேன் நிமிர்ந்த படம், உசரம் அதிகம், அகலம் கம்மி. அதைப் படுக்கைவசத்து டிவியில இழுத்தா வேற எப்படி இருக்கும்? இழுக்காம விட்டா ரெண்டு பக்கமும் கருப்பு, நடுவுல தபால் கார்டு சைஸுக்கு ஆட்டம். ஆறு மாசத்துல பசங்களுக்கு அலுத்துடுச்சு. திருப்பி மாட்ட ஒண்ணும் மிச்சமில்லை. இப்ப அது செருப்பு ஸ்டாண்டு. ரொம்ப உறுதியான செருப்பு ஸ்டாண்டு, குறை சொல்லக்கூடாது.

சரி, நம்ம பிளானுக்கு வருவோம். பிளான் போடும்போது எல்லாரும் கேக்கற மொதல் கேள்வி "எத்தனை கேம் வரும்?" நான் கேக்கச் சொல்றது "யாரு ஆடப் போறாங்க?"

எங்க வீட்டுல ஆடப் போறது ரெண்டு உருப்படி. பொண்ணு ஆறாங்கிளாஸ், பையன் ரெண்டாங்கிளாஸ். ஊர்ல இருந்திருந்தா அத்தை பசங்க, சித்தப்பா பசங்கன்னு தெருவே இவங்க கூட்டமா இருந்திருக்கும். இங்க பதினோராவது மாடியில, ஆளுக்கொரு ஸ்க்ரீன், ஆளுக்கொரு ஹெட்போன். ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற ஒரே பொது விஷயம் சார்ஜர், அதுக்கும் சண்டை. மே மாச லீவுல ஊருக்குப் போனா மட்டும் பத்து நாள் ஒட்டிக்கிட்டுத் திரியுங்க. திரும்பி ரயில் ஏறினதும் மறுபடியும் ஹெட்போன். உங்கள்ல பல பேர் வீட்டுலயும் இதே கதைதான்னு தெரியும். தங்கமணி ஆரம்பத்துல "இருக்கற ஸ்க்ரீன் பத்தாதுன்னு இன்னொண்ணா?"ன்னு தான் கேட்டாங்க. நியாயமான கேள்வி. இதுல ஆடணும்னா தோளோட தோள் இடிச்சுக்கிட்டு நிக்கணும், படுத்துக்கிட்டு ஆட முடியாது, ரூமுக்குள்ள தூக்கிட்டுப் போக முடியாதுன்னு சொன்னப்பதான் ஒரு "ம்" வந்துச்சு.

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்சா பாதிப் பிளான் தானா முடிஞ்சுடும். எங்க வீட்டுக்கு மொதல் ஆட்டம் பபிள் பாபிள். 1986ல டைட்டோ விட்டது. ரெண்டு குட்டி டைனோசார், நூறு ரவுண்டு, ஒரு பட்டன் குதிக்க, இன்னொண்ணு குமிழ் ஊத. இதுல எனக்குப் பிடிச்ச சங்கதி, ஒருத்தரே தனியா நூறு ரவுண்டையும் முடிச்சா நல்ல முடிவு காட்டாது, நண்பனைக் கூட்டிக்கிட்டு வான்னு திருப்பி அனுப்பிடும். ரெண்டு பேரும் சேந்து கடைசி வரைக்கும் போனாத்தான் நல்ல முடிவு. அக்காவுக்குத் தம்பி வேணும், வேற வழியில்லை. அடுத்தது ஸ்னோ ப்ரோஸ், டோபிளான் 1990ல விட்டது. அதுக்கும் ரெண்டே பட்டன்.

இப்ப பாருங்க, என் பெட்டியில ஏற்கனவே ஆளுக்கு ஒரு குச்சி, மூணு பட்டன் இருக்கு. ஜாமா வயரிங்கும் அதுக்குத்தான். ஒரு ஓட்டைகூடப் புதுசாப் போட வேண்டாம்! ஆளுக்கு ஆறு பட்டன் வேணும்னு அடம்பிடிக்கறது ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடின அப்பாக்கள்தான். 1991ல வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2க்கு ஆறு பட்டன் வேணும், அதுக்கு ஜாமாவைத் தாண்டித் தனியா ஒரு வயர் கட்டு இழுக்கணும். முஸ்தபாவை மூணு பேர் ஆடணும்னா மூணாவது ஆளுக்கும் அதே மாதிரி தனி வயர். நானும் ஆடினவன்தான், ஆசை இருக்கு. ஆனா பெட்டி யாருக்குன்னு மொதல்ல முடிவு பண்ணிட்டா ஆசையைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

தள்ளிப்போட முடியாதவங்களுக்கு ஒரு வழி சொல்றேன். கன்ட்ரோல் பேனல் பெரும்பாலும் போல்ட்டுல நிக்கற தனிப் பலகை. அதை அப்படியே கழட்டித் துணியில சுத்திப் பரண்ல வெச்சுடுங்க. அதே அளவுக்கு 18 எம்.எம் பிளைவுட்ல புதுசா ஒண்ணு அடிச்சு, அதுல எத்தனை ஓட்டை வேணுமோ போட்டுக்கோங்க. வேலை முடிஞ்சப்புறம் எதை வேணா எப்ப வேணா மாட்டலாம். பட்டன் வாங்கும்போது 30 எம்.எம்மா 24 எம்.எம்மான்னு பாத்து வாங்குங்க. பட்டன் பின்னாடி வயர் மாட்டற தகடு 2.8 எம்.எம்மா 4.8 எம்.எம்மான்னும் பாருங்க. ஜப்பான் வகை பட்டன்ல பெரும்பாலும் 2.8, மைக்ரோசுவிட்ச் தொங்கற வகையில பெரும்பாலும் 4.8. இதைப் பாக்காம வாங்கிட்டு லாமிங்டன் ரோடுக்கும் எஸ்.பி ரோடுக்கும் ரெண்டாவது தடவை அலையறவங்க நெறைய. குச்சியில இன்னொரு விஷயம். டாங்கி காங், பாக்மேனுக்கு நாலு திசைக் குச்சி வேணும். எட்டுத் திசைக் குச்சியில மூலைக்குப் போய் முட்டிக்கிட்டு நிக்கும், பசங்க "கேம் சரியில்லை"ன்னு எழுந்து போயிடுவாங்க. பல குச்சிகள்ல அடியில இருக்கற தகட்டைத் திருப்பி மாட்டினாலே நாலு திசைக்கு மாறிடும்.

இப்ப பிக்சர் டியூப். இதுக்குத்தான் நான் இவ்வளவு மல்லுக்கு நிக்கறேன். இந்த மாதிரி டியூப் புதுசாக் கடையில வாங்கற காலமெல்லாம் மலையேறிப் போச்சு. பழைய கேமெல்லாம் அந்த டியூபுக்குன்னே வரைஞ்சது. புள்ளியும் வரியும் கொஞ்சம் கொழைஞ்சு தெரியும்னு நம்பித்தான் படம் போட்டாங்க. எல்.சி.டியில அது செங்கல் செங்கலா நிக்குது. துப்பாக்கி வெச்சுச் சுடற பழைய கேம் பெட்டியா இருந்தா கேக்கவே வேண்டாம், அந்தக் காலத்துத் துப்பாக்கி டியூப்ல ஓடற வெளிச்சக் கோட்டைப் பாத்துத்தான் குறி கண்டுபிடிக்குது. டியூபைக் கழட்டினா துப்பாக்கி வெறும் பிளாஸ்டிக்.

"கம்ப்யூட்டரை அதுல எப்படிக் கோக்கறது, அதனாலதான் மாத்தறோம்"னு சொல்லுவாங்க. கோக்க முடியும். ஆர்கேட் மானிட்டர் சுமார் 15.7 கிலோஹெர்ட்ஸ்ல ஓடறது, கம்ப்யூட்டர் வி.ஜி.ஏ 31.5ல ஆரம்பிக்கறது. நேரா ஒயரைச் செருகினா படம் வராது, மானிட்டருக்கும் நல்லதில்லை. ஆனா ராஸ்பெர்ரி பையை ஜாமா கனெக்டர்லயே செருகற அடாப்டர் போர்டுகள் கிடைக்குது. பழைய போர்டு இருந்த எடத்துல இது உக்காரும். வயர் ஒண்ணுகூட வெட்ட வேண்டாம். பை வேண்டாம்னா உருவிட்டுப் பழைய போர்டு. கடைக்காரர் அன்னைக்குப் பண்ணின அதே வேலைதான்.

டியூப் செத்தே போயிருந்தா? அப்ப எல்.சி.டி போடுங்க, யாரும் தடுக்கலை. அகல டிவி மட்டும் வேண்டாம். ஆபீஸ்கள்லருந்து கழிச்சுக் கட்டின 20 இஞ்ச் சதுர மானிட்டர், 1600க்கு 1200 இருக்கறது, பழைய சாமான் கடைகள்ல தேடினா கிடைக்கும். அது 4:3, பெட்டியோட வாய்க்குச் சரியாப் பொருந்தும். மானிட்டரை ஒரு பலகையில மாட்டி, அந்தப் பலகையைப் பழைய டியூப் நின்ன பிராக்கெட்லயே போல்ட் போடுங்க. பெட்டியை அறுக்காதீங்க. செத்த டியூபை கபாடிவாலாகிட்ட தூக்கிக் குடுத்துடாதீங்க. அந்தக் கண்ணாடியில ஈயம் இருக்கு. அவர் சுத்தியலால உடைச்சுச் செப்பை மட்டும் எடுத்துட்டு மிச்சத்தை நாலா ஓரமாக் கொட்டுவாரு. மின்கழிவுன்னு பதிவு பண்ணி எடுக்கறவங்க எல்லாப் பெரிய ஊர்லயும் இருக்காங்க, அவங்களைக் கூப்பிடுங்க.

இங்க கொஞ்சம் சீரியஸா ஒண்ணு சொல்லணும். யூடியூப் பாத்துட்டு டியூபுக்குப் பின்னாடி கைவிடாதீங்க. அதோட ஆனோட் மூடிக்குக் கீழ இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு இருக்கும், ஸ்விட்சை அணைச்சப்புறமும் சார்ஜ் தங்கி நிக்கும். டியூபோட கழுத்துப் பக்கம் ரொம்ப மெல்லிசு, ஒரு ஸ்பேனர் பட்டாலே போச்சு. சாஃப்ட்வேர் வேலை வேற, எல்.ஓ.டி மாத்தற வேலை வேற. பழைய டிவி மெக்கானிக் ஒருத்தரைக் கூப்பிட்டு டிஸ்சார்ஜ் பண்ணச் சொல்லிட்டு, அவர் செய்யறதைப் பக்கத்துல நின்னு பாருங்க. அவ்ளோதான் நம்ம வேலை.

கரண்ட் விஷயத்துல இன்னும் ரெண்டு. கடையில பெட்டிக்கு எர்த் குடுத்திருந்தாங்களான்னு யாருக்குத் தெரியும்? காசுக் கதவு இரும்பு, சில பெட்டியில பேனலே இரும்பு, அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கப் போறது செருப்பில்லாத பசங்க. ஆக பெட்டியில இருக்கற ஒவ்வொரு இரும்புக்கும் எர்த் வயர் போகணும். அந்த எர்த் சுவத்துல இருக்கற மூணாவது ஓட்டையில நெசமாவே இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வெச்சுப் பாக்கணும். வாடகை வீடுகள்ல மூணு ஓட்டை இருக்கும், வயர் ரெண்டுதான் வந்திருக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி இல்லாத வீடுன்னா ஓனர்கிட்ட கேட்டுப் போட்டுக்கோங்க, பெட்டி வாங்கலைன்னாலும். மானிட்டருக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தா, "இது எதுக்கு வெயிட்டு"ன்னு கழட்டிடாதீங்க. பல மானிட்டர்கள்ல சேஸிஸ்லயே மெயின்ஸ் கரண்ட் இருக்கும், உங்களுக்கும் அதுக்கும் நடுவுல நிக்கறது அந்த டிரான்ஸ்ஃபார்மர்தான். வெளிநாட்டுலருந்து வந்த பெட்டியா இருந்தா 110 வோல்ட்டான்னு பின்னாடி ஸ்டிக்கரைப் பாத்துட்டு அப்புறம் சொருகுங்க.

எடம். டியூபோட இருக்கற முழு சைஸ் பெட்டி நூறு கிலோவுக்குக் கீழ இருந்தா அதிசயம். லிஃப்ட் கதவு, லிஃப்ட் ஆழம், வீட்டுக் கதவு, ஹாலுக்குத் திரும்பற மொடக்கு எல்லாத்தையும் அளந்துட்டு வாங்குங்க. பின்பக்கம் நாலு இஞ்ச் காத்துக்கு விடணும். சக்கரம் போடுங்க, ரெண்டுலயாவது பிரேக் இருக்கட்டும். வீட்டைப் பெருக்கவும் வசதி, அடுத்த வீட்டுக்கு மாறும்போதும் வசதி. புனே மழையில தரை ஈரம் ஏறி எம்.டி.எஃப் பெட்டியோட அடிப்பாகம் இட்லி மாதிரி உப்பும், சக்கரம் இருந்தா அதுவும் தப்பிக்கும். அடிப்பலகை ஏற்கனவே உப்பியிருந்தா அதை மட்டும் மாத்திடுங்க. பவானி பேட்டை டிம்பர் மார்க்கெட்ல பி.டபிள்யூ.பி பிளை, 710 முத்திரை போட்டது, கேட்டு வாங்கி அடிங்க, அது தண்ணிக்குத் தாங்கும். சத்தத்துக்கு வால்யூம் திருகை வெளிய கை எட்டற எடத்துல ஒண்ணு வைங்க. கீழ்வீட்டு ஆன்ட்டிக்கு ஞாயித்துக்கெழமை மத்தியானம் குமிழ் வெடிக்கற சத்தம் பிடிக்குமான்னு சந்தேகம்.

கேம் எங்கருந்து? இதை யாரும் பேச மாட்டாங்க, நான் பேசிடறேன். மேம்னு ஒரு மென்பொருள் இருக்கு. 1997ல நிக்கோலா சால்மோரியாங்கற இத்தாலிக்காரர் வெளியிட்டது, 2016லருந்து முழுசாத் திறந்த மூலம். அது சுத்தமான சாமான். ஆனா அதுல ஓட்டற கேம் ரோம் ஃபைல் பெரும்பாலும் இன்னும் யாரோ ஒருத்தருக்குச் சொந்தம். சந்தையில விக்கற "ஆயிரம் கேம் ஒரே போர்டு" எல்லாம் அப்படி அள்ளிப் போட்டதுதான். ஆபீஸ்ல லைசன்ஸ் ஆடிட்னா நடுங்கற நாம வீட்டுல மட்டும் கண்டுக்காம இருக்கறது எனக்குச் சரியாப் படலை. வழி இல்லாம இல்லை. ஜாமா பெட்டியை வெட்டாம வெச்சிருந்தா ஒரிஜினல் போர்டே வாங்கிச் செருகலாம். இல்லைன்னா ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வெச்சு, கம்பெனியே விக்கற தொகுப்பு வாங்கலாம். கேப்காம் 2021ல விட்ட ஆர்கேட் ஸ்டேடியத்துல ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 இருக்கு. முஸ்தபாதான் பிரச்சினை. அது இன்னொருத்தரோட காமிக்ஸை வெச்சுப் பண்ணினது. 2018ல கேப்காம் ஏழு அடிதடி கேமைச் சேத்து ஒரு தொகுப்பு விட்டப்பகூட இது அதுல வரலை. ரசிகர்கள் மனசு ஒடைஞ்சு போனாங்க, நானும் ஒருத்தன்.

கடைசியா காசு ஓட்டை. எல்லாரும் மொதல்ல கழட்டற சாமான் இதுதான், "வீட்டுல எதுக்கு"ன்னு. நான் விடப் போறதில்லை. பல பெட்டிகள்ல இருக்கற காசு இயந்திரம் ரொம்ப எளிமையானது. உள்ள மாதிரிக்கு ஒரு காசை வெச்சா அதே மாதிரிக் காசை மட்டும் ஏத்துக்கும். 2011லருந்து வந்த ஒரு ரூபாய் முன்ன இருந்ததைவிடச் சின்னது, ஆக எந்த ஒரு ரூபான்னு முடிவு பண்ணணும். நான் பழைய பெரிய ஒரு ரூபாயா இருபது தேடி எடுத்து வெச்சிருக்கேன். சனிக்கிழமை ஆளுக்கு அஞ்சு. தீந்தா தீந்துது, ரீசார்ஜ் கெடையாது. "டைம் ஆச்சு, எழுந்திரு"ன்னு நாம கத்த வேண்டியதில்லை, பெட்டியே சொல்லிடும். தங்கமணி மொத்தப் பிளான்லயும் முழு மனசோட சரின்னு சொன்னது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். பொண்ணு இப்பவே தம்பியோட அஞ்சுல ரெண்டை எப்படிக் கறக்கறதுன்னு கணக்குப் போட ஆரம்பிச்சாச்சு. தம்பி இல்லாம நல்ல முடிவு வராதுன்னு அவளுக்கு இன்னும் தெரியாது, நானும் சொல்லலை.

இப்போதைக்கு நோட்டுல நாலு பக்கம் நிறைஞ்சிருக்கு. லிஃப்ட்ல பெட்டி ரெண்டு இஞ்ச் வித்தியாசத்துல போயிடும்னு டேப் சொல்லுது, வாட்ச்மேன் போகாதுங்கறாரு. வயரிங்கை போட்டோ எடுத்து ஒவ்வொரு வயருக்கும் காகிதத் துண்டு கட்டியாச்சு. பாக்கி இருக்கறது மெக்கானிக். தாப்கீர் கல்லியில நாலு கடை ஏறி எறங்கினேன், எல்லாரும் பேனல் டிவிதான் பாக்கறாங்களாம், "டியூபா?"ன்னு சிரிக்கறாங்க. புனேவுலயோ பிம்ப்ரி பக்கமோ இன்னும் டியூபைத் தொடற பழைய டிவி மெக்கானிக் யாரையாச்சும் தெரிஞ்சா அவர்கிட்ட கேட்டுட்டு எனக்குச் சொல்லுங்க. அவருக்கு வர்ற போற ஆட்டோ காசு, டீ, வடாபாவ் எல்லாம் என் செலவு.